லிண்டன் கேட்பவர்களுக்குச் சண்பகம்: மலையக நகர வீதியில் மரம் நடும் முறை

ஐரோப்பிய நகரங்களில் வீதியின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் லிண்டன் மரத்தைப் பார்த்தவர்கள், நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் அதை நட்டால் என்ன என்று கேட்பதுண்டு. இங்கேயும் குளிர்தானே என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம். பிறகு, லிண்டனிடம் எதை விரும்புகிறார்களோ அதைத் தரக்கூடிய, நம் மலைக்கு ஒத்துவரும் மரத்தை எங்கே, எப்போது, எப்படி நடுவது என்று படிப்படியாகச் சொல்கிறோம். நகர சபை ஊழியர், பாடசாலைச் சுற்றாடல் குழு, கோயில் நிர்வாகம், கடை வாசலில் ஒரு நிழல் வேண்டும் என்பவர் என முதல்முறையாக வீதியோரத்தில் மரம் நடப்போகிறவர்களுக்காக எழுதியது இது.

லிண்டன் ஏன் இங்கே தேறாது

லிண்டன் நமக்கு முழு அந்நியம் அல்ல. செம்பருத்தியும் பருத்தியும் பூவரசும் இருக்கும் அதே குடும்பம்தான். இலைகூடப் பூவரசம் இலைபோல இதய வடிவம். வீதிகளுக்கு அங்கே அதிகம் விரும்பப்படுவது சிற்றிலை லிண்டன். அதிலும் ‘கிரீன்ஸ்பையர்’ என்ற வகை பெயர் பெற்றது. அமெரிக்காவில் தெரிந்தெடுக்கப்பட்டு 1961இல் காப்புரிமை பெற்றது. நடுத்தண்டு வளையாமல் நேரே ஏறும். கிளைகள் தண்டைச் சுற்றி ஒழுங்காகப் பிரியும். தலைப்பகுதி முட்டை வடிவில் அடக்கமாக நிற்கும். கோடையில் தேனீ மொய்க்கும் மணமான பூ. வெட்டினாலும் தாங்கும். குறையும் உண்டு: அசுவினி விழுந்தால் இலையிலிருந்து தேன்பசை சொட்டி, கீழே நிறுத்திய வாகனமெல்லாம் பிசுபிசுக்கும்.

இந்த மரத்தின் வருடம் இரண்டு அறிகுறிகளால் நடக்கிறது. பகல் குறுகினால் இலை உதிர்க்கத் தயாராகும். நீண்ட கடுங்குளிர் கிடந்து தீர்ந்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். பேர்லின் நகரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒன்பது மணித்தியால வித்தியாசம். நுவரெலியாவில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. தை, மாசியில் சில அதிகாலைகளில் புல்லில் உறைபனி விழுந்தாலும், பகலில் வெயில் ஏறிவிடும். வருடச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஆகவே மரத்துக்கு எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்பதே பிடிபடாது. சில கிளை துளிர்க்கும், சில கிளை வெறுமையாக நிற்கும், மரம் வளர்ச்சி குன்றிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி விதையோ கன்றோ பையில் வைத்துக் கொண்டுவருவதும் கூடாது. அதைத் தடுக்க 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதோடு, வேரில் ஒட்டிவரும் ஒரு பிடி மண்ணால் நம் தேயிலைக்கும் மரக்கறிக்கும் என்ன நோய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வேலைக்குச் சண்பகம்

நேரான தண்டு, அடர்ந்த நிழல், மணமுள்ள பூ, இலை பெருக்கி மாளாது என்ற தொல்லை இல்லாமை: இவை நான்கும் ஒன்றாகச் சேர்ந்த மரம் நம்மிடம் சண்பகம். சிங்களத்தில் கினிசப்பு. கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களில் பலகைக்காக வளர்க்கிறார்கள். ‘சப்புப் பலகை’ என்றால் தச்சர்களுக்குத் தெரியும். என்றும் பச்சையான மரம். இளம் வயதில் தலைப்பகுதி கூம்பாக நிற்கும், வயதாக ஆகத்தான் அகலும். நல்ல மண்ணில் நூறு அடியையும் தொடும். வீதியோரத்தில் ஐம்பது, அறுபது அடி என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

உயரக் கணக்குத்தான் இங்கே முக்கியம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் வரை சண்பகம் நன்றாக வரும். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், பதுளை 680, பண்டாரவளை 1,230, அட்டன் 1,270. இவை எல்லாம் அந்த எல்லைக்குள் அடங்கும். மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டிக்குக் கேள்வியே இல்லை. அப்புத்தளை எல்லைக்கு மிக அருகில். அங்கே காற்றுக்கு மறைவான இடம் தேடி நடவேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கேயும், கந்தப்பளை, இராகலைப் பக்கமும் சண்பகத்தை நட்டு வீணாகாதீர்கள். அதன் உறவான காட்டுச் சண்பகம் அந்த உயரத்துக் காடுகளுக்கே உரியது. பூ வெள்ளை, இலை சிறியது, வளர்ச்சி மெது, குளிர்காற்றுக்குப் பழகியது. அதன் கன்றைக் காட்டுக்குள் போய்ப் பிடுங்காமல், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நாற்றுமேடைகளில் கேட்டுப் பாருங்கள். நடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வீதிக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லக்கூடிய சில மரங்கள் மலையகம் எங்கும் கண்ணில் படும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரெவில்லியா சீக்கிரம் வளரும். ஆனால் காற்றில் கிளை முறிந்து விழும். யூகலிப்டஸும் அப்படியே, கிளை இன்னும் பாரம். செந்நிறப் பூப் பூக்கும் ஆபிரிக்க டியூலிப் பார்க்க அழகு. மரமோ மென்மையானது, விதை காற்றில் பறந்து மலை முழுவதும் முளைக்கும். அல்பிசியாவை பஸ் போகும் வீதிக்கு மேலே வைப்பது ஆபத்தைக் கையால் நட்டு வைப்பது.

இடம் பார்ப்பது

வீதி மரங்கள் பெரும்பாலும் பிழையான இடத்தினால்தான் சாகின்றன. கன்றை வாங்க முன்னர் ஒரு அளவுநாடாவோடு இடத்துக்குப் போங்கள்.

முதலில் மேலே பாருங்கள். மின்கம்பி போகும் பக்கத்தில் சண்பகம் நடக்கூடாது. எட்டாம் பத்தாம் வருடம் மின்சார ஊழியர்கள் வந்து நடுத்தண்டை வெட்டுவார்கள், அது அவர்கள் கடமை. வெட்டிய இடத்தில் நான்கைந்து தண்டு முளைக்கும், அவை எல்லாம் ஒட்டின பிடி பலமற்றவை, பிறகு ஒரு மழைக்காற்றில் பிளந்து விழும். கம்பி இருக்கிற பக்கத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து அடிக்கு மேல் போகாத சிறு மரம் தேடுங்கள். சண்பகத்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். பிறகு தூரங்கள்: கட்டடச் சுவரிலிருந்து 15 அடிக்குக் குறையாமல், வீதிவிளக்குக் கம்பத்திலிருந்து 15 அடி, தண்ணீர்க் குழாயிலிருந்து 6 அடி, சந்தி முனையிலிருந்து 30 அடி. வளைவின் உட்பக்கத்தில் நடவே வேண்டாம். மலை வீதியில் சாரதியின் கண் போகும் வழி அது. மரத்துக்கு மரம் 25 முதல் 30 அடி. முதலில் வெறுமையாகத் தெரிகிறதே என்று 12 அடிக்கு ஒன்று நடுவது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. பத்தாம் வருடம் ஒன்றையொன்று நெருக்கி, எல்லாம் வீதிப் பக்கமாகச் சாயும்.

அடுத்தது சரிவு. மலையக நகரங்களில் வீதி என்றால் ஒரு பக்கம் வெட்டிய மண், மறுபக்கம் கொட்டிய மண். வெட்டிய பக்கம் இறுகிய களி. வேர் மெதுவாகப் போகும், ஆனால் பிடிப்பு உண்டு. கொட்டிய பக்கம் மண் இளக்கமாக, கன்று விரைவாக வளரும். அந்த மண் தானே நிலையில்லாதது, பெரிய மரத்தின் பாரத்தையும் அதன் தலையில் பிடிக்கும் காற்றையும் அது தாங்காது. கொட்டிய மண்ணின் விளிம்பிலும், தாங்குசுவரின் மேற்தலையிலும் சண்பகம் வேண்டாம். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது சுவரிலிருந்து உள்ளே தள்ளுங்கள். மண்ணில் வெடிப்புத் தெரிந்தாலோ, மழை விட்ட பிறகும் சரிவிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்தாலோ அது மரம் நடுகிற விஷயம் அல்ல. மண்சரிவைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ முதலில் தெரிவிக்க வேண்டியது.

மூன்றாவது, அந்த இடத்தில் பழைய மரத்தின் அடிக்கட்டை இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். நிழல் மரத்தை வெட்டிக் கட்டையை விட்டால், அதில் ஒரு பூஞ்சணம் ஏறி, கரியடித்தது போன்ற மேலோடு பிடித்து, வேர் வழியே பக்கத்துத் தேயிலைக்குப் போகும். வீதியிலும் அதே கதை. ஐரோப்பாவில் வயதான லிண்டனின் அடியை அரித்துச் சாய்ப்பதும் இதே பூஞ்சணம். கட்டையையும் விரலளவு தடித்த வேர்களையும் எடுத்துப்போட முடியாவிட்டால், பத்தடி தள்ளி நடுங்கள்.

நான்காவது, தண்ணீர் வடிகிறதா என்பது. ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சண்பகம் ஈரத்தை விரும்பும், தேங்கிய தண்ணீரில் வேர் அழுகிச் சாகும்.

அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை மாகாணத்துக்கு. நகருக்குள் மற்ற வீதிகளும் பூங்காக்களும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. தோட்டத்துக்குள் போகும் வீதியானால் தோட்ட நிர்வாகம். எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி, நடும் இடத்தின் சிறு வரைபடத்தையும் அதோடு வையுங்கள். பிறகு குழாய் போட வருகிறவர்களிடம் காட்ட அது உதவும்.

கன்று தேர்வதும் விதையிலிருந்து எடுப்பதும்

வாங்குவதாக இருந்தால் ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா என்று கேளுங்கள். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். வீட்டு முற்றத்துக்கு அது சரி. ஒட்டின் பக்கக் கிளை பலவேளை நேர்த்தண்டாக எழாது. வீதிக்கு விதைக்கன்றே வேண்டும், பூக்க ஏழெட்டு வருடம் காத்திருந்தாலும். ஐந்து முதல் ஆறு அடி உயரம், ஒரே நடுத்தண்டு, அடியிலிருந்து மேலே போகப் போக மெலியும் தண்டு. அடியும் நுனியும் ஒரே தடிப்பாக, கம்பைக் கழற்றினால் மடிந்து விழும் கன்று நெரிசலில் வெளிச்சம் தேடி நீண்டது, வேண்டாம். பையை லேசாகக் கிழித்து வேரைப் பார்க்க விடச் சொல்லுங்கள். பைக்குள் வட்டம் வட்டமாகச் சுற்றிய வேர் மண்ணுக்குள் போனாலும் அதே வட்டத்தில் தடித்து, பத்துப் பதினைந்து வருடத்தில் தண்டையே நெரிக்கும்.

விதையிலிருந்து எடுப்பதில்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். காரணம் ஒன்றுதான்: சண்பக விதை காயக்கூடாது. நெல், கடலைபோல வெயிலில் உலர்த்தி டப்பாவில் போட்டால் இரண்டு வாரத்தில் செத்துவிடும். வழி இப்படி. நேரான தண்டுள்ள தாய்மரம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பூ அதிகம் என்பதைவிடத் தண்டு நேர் என்பதே முக்கியம். சாம்பல் கலந்த பழுப்புக் காய்கள் கொத்தாகத் தொங்கி, ஒன்றிரண்டு வெடித்துச் சிவந்த விதை தெரியத் தொடங்கும்போது கொத்தாகவே பறியுங்கள். ஒருவாரம் தாமதித்தால் மைனாவும் குக்குறுவானும் முடித்துவிடும். நிழலில் சாக்கின் மேல் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் மற்றக் காய்களும் வெடிக்கும். சிவப்புச் சதையோடு விதைத்தால் முளைக்காது, அழுகும், எறும்பும் எலியும் வரும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஆற்றுமணலோடு சேர்த்துக் கையால் தேய்த்து, சதை போகும் வரை கழுவுங்கள். மிதப்பதை எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை அன்றே விதையுங்கள்.

மேல்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு கலந்த மேடை. அரை அங்குல ஆழம், இரண்டு அங்குல இடைவெளி. மேலே பாதி வெயில் விழும்படி நிழல்வலை, சுற்றிலும் எலிக்குக் கம்பிவலை. கண்டிப் பக்கம் ஒரு மாதத்தில் முளை தெரியலாம். அட்டனில் இரண்டு மாதம் ஆனாலும் மேடையைக் கிளறாதீர்கள். பனிமூட்டம் தொடர்ந்து நிற்கும் வாரங்களில் தண்ணீர் ஊற்றினால் நாற்றின் கழுத்து அழுகிச் சரியும். மேல்மண் வெளுத்த பிறகே தெளியுங்கள். விதையிலைக்குப் பிறகு வரும் உண்மையிலை இரண்டு வந்ததும் பொலித்தீன் பைக்கு மாற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய பைக்குக் கொண்டுபோங்கள். வீதிக்குத் தயாராக ஒன்றரை முதல் இரண்டு வருடம் பிடிக்கும்.

எந்த மாதத்தில் நடுவது

மலையகத்துக்கு ஒரே நாட்காட்டி கிடையாது. அட்டன், நாவலப்பிட்டி, தலவாக்கலை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில் பிடிக்கும். முதல் மழைகள் மண்ணை நனைத்ததும் நட்டால், தை வெயில் வருமுன் ஏழு மாதம் வேர் ஓடக் கிடைக்கும். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, வெலிமடை, இதற்கு நேர்மாறு. அங்கே ஆனி முதல் ஆவணி வரை வரண்ட காற்று. மே மாதத்தில் நட்ட கன்று அந்தக் காற்றில் வதங்கும். ஒக்டோபர் மழை தொடங்கியதும் நட்டு, வடகீழ்ப் பருவமழையில் வேர் பிடிக்க விடவேண்டும். கண்டிக்கு இரண்டு காலமும் பொருந்தும். நுவரெலியாவில் காட்டுச் சண்பகத்தை மே, ஜூனிலேயே நடுங்கள். தை மாத உறைபனிக்குமுன் கன்று தேறியிருக்க வேண்டும்.

குழியும் நடுகையும்

நடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே குழி தயாராக இருக்கட்டும். வேர்க்கட்டியின், அதாவது வேரும் அதைச் சுற்றிய பை மண்ணும் சேர்ந்த கட்டியின், அகலம் ஓரடி என்றால் குழி மூன்றடி அகலம். ஆழம் மட்டும் வேர்க்கட்டியின் உயரத்தைவிட ஓரங்குலம் குறைவாக இருக்கட்டும், அதற்கு மேல் தோண்டக்கூடாது. ஆழமாகத் தோண்டி, இளகிய மண்ணைப் போட்டு, அதன் மேல் கன்றை வைத்தால் இரண்டு மழையில் கன்று கீழே இறங்கும், கழுத்து மண்ணுக்குள் புதைந்து பட்டை அழுகும். களிமண்ணில் மண்வெட்டியால் வெட்டிய குழியின் சுவர் பூசியது போல வழுவழுப்பாக இருக்கும். அலவாங்கால் சுவரைக் குத்திக் கீறிவிடுங்கள். இல்லையென்றால் வேர் பூச்சட்டிக்குள் சுற்றுவது போலச் சுற்றும்.

நடைபாதையில் நடுவதானால் ஐந்தடிக்கு ஐந்தடி கொங்கிறீட்டை எடுத்து, கீழே இறுக்கிய சல்லியையும் இரண்டரை அடி ஆழம் வரை அகற்றி, நல்ல மண் போட்டு, தண்ணீர் விட்டு ஒரு வாரம் படியவிடுங்கள். பிறகுதான் கன்று. சீமெந்துத் துண்டு, சுண்ணாம்புக் காரை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. நம் மலை மண் புளிப்பானது, சண்பகத்துக்கு அது பிடிக்கும். சீமெந்துக் கழிவு மண்ணைக் காரமாக்கிவிட்டால் மரத்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இலை வெளுக்கும். தேயிலைக்குப் போடுகிறோமே என்று டொலமைட்டை அள்ளிப் போடுவதும் இதே விளைவைத் தரும்.

கன்றுக்கு முதல்நாளே தண்ணீர் விடுங்கள். குழியருகே வைத்துப் பையைக் கிழித்து முழுவதும் எடுங்கள். அடியை மட்டும் வெட்டிவிட்டுப் பையோடு நடுவதைப் பல இடங்களில் காணலாம். அந்தப் பொலித்தீன் பத்து வருடமும் உக்காமல் வேரைக் கட்டிவைத்திருக்கும். சுற்றிய வேர்களைக் கூர்க்கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கீறிவிடுங்கள். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம், அதாவது கழுத்து, சுற்றியுள்ள தரைக்கு ஓரங்குலம் மேலே நிற்கவேண்டும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். மிக மோசமான மண்ணானால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு மக்கிய கூட்டெரு. யூரியாவோ தேயிலைப் பசளைக் கலவையோ குழிக்குள் வேண்டாம், இளம் வேர் வெந்துவிடும். கையால் அழுத்தி, காலால் மிதிக்காமல், இருபது லீற்றர் தண்ணீர் மெதுவாக ஊற்றினால் மண் தானே படியும்.

சரிவில் நடும்போது இன்னொரு வேலை இருக்கிறது. கன்றுக்கு மேற்புறம் ஆறடி தள்ளி, பிறை வடிவில் ஒரு சிறு கான் வெட்டி, மழைத் தண்ணீரைப் பக்கமாகத் திருப்புங்கள். இல்லாவிட்டால் மேலிருந்து வரும் வண்டல் கழுத்தை மூடும். கீழ்ப்புறம் ஒரு வரிசை கல் அடுக்கினால் குழி மண் வழியாது.

கம்பு இரண்டு, வேர்க்கட்டிக்கு வெளியே, காற்று வரும் திசைக்குக் குறுக்காக. கிளிரிசிடியாக் கம்பு ஊன்றாதீர்கள். அது துளிர்த்து வேர் விட்டுக் கன்றோடு போட்டியிடும். காய்ந்த யூகலிப்டஸ் கம்பு போதும். கட்டு, தண்டின் மூன்றிலொரு பங்கு உயரத்தில், பழைய சைக்கிள் டியூபால், எட்டு வடிவில், தண்டு இரண்டங்குலம் ஆடும்படி. ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒரு வருடத்தில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மறந்துபோன கம்பிக்கட்டு தண்டை அறுத்துக் கொன்ற மரங்கள் நகருக்கு நகர் உண்டு.

மேலே நான்கங்குல மூடாக்கு. மானாப்புல் எளிதாகக் கிடைக்கும். விதை வைக்குமுன் வெட்டியதாக இருக்கட்டும். தண்டைத் தொடாமல் நான்கங்குலம் விட்டுப் பரப்புங்கள்.

முதல் மூன்று வருடம்

நட்டு வைத்தவுடன் படம் எடுத்துப் போய்விட்டால் மரம் வராது. ஒவ்வொரு கன்றுக்கும் ஒருவர் பொறுப்பு என்று பெயர் எழுதி வைப்பது நல்ல பழக்கம். பக்கத்துக் கடைக்காரர், முச்சக்கரவண்டித் தரிப்பிடத்து ஆட்கள், எதிர்வீட்டு அம்மா என்று தினமும் அந்த இடத்தில் இருப்பவராகப் பாருங்கள்.

மழையில்லாத காலத்தில் வாரம் இருமுறை, ஒவ்வொரு தடவையும் பதினைந்து முதல் இருபது லீற்றர். தினமும் ஒரு போத்தல் ஊற்றுவது பயனற்றது. மேல்மண் மட்டும் நனைந்து வேரும் மேலேயே நின்றுவிடும். மலையகத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு: பனித்தூறல். நாள் முழுதும் இலை நனைந்திருக்கும், வீதி ஈரமாக இருக்கும், மண்ணில் இரண்டங்குலம் விரலை விட்டால் தூசு. விரலை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

இரண்டாம் வருடம் முதல் பருவமழைத் தொடக்கத்தில் ஒரு வாளி மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ தண்டிலிருந்து ஓரடி தள்ளி வளையமாகப் போட்டால் போதும். கடுமழை முடியும் ஒவ்வொரு முறையும் போய், மேற்புறத்தில் கழுத்தை மூடிய வண்டலைக் கையால் வழித்தெடுங்கள். சரிவில் நட்ட மரத்துக்கு இதைவிட முக்கியமான பராமரிப்பு எதுவும் இல்லை.

மாடு, ஆடு வரும் இடமானால் ஐந்தடி உயரக் கூடு கட்டுங்கள். புல்வெட்டும் இயந்திரம் அதைவிடப் பொல்லாதது. அதன் நைலோன் இழை ஒரு சுற்றுப் பட்டையைச் சீவினால் மரம் மேலிருந்து காயத் தொடங்கும், காரணம் யாருக்கும் தெரியாது. அடியைச் சுற்றி மூன்றடிக்குப் புல் இல்லாமல் வைத்தால் இயந்திரம் கிட்ட வராது. தேர்தல் காலத்திலும் திருவிழாவிலும் தண்டில் ஆணி அடிக்கவும் கொடிக்கம்பி கட்டவும் விடாதீர்கள்.

கவ்வாத்து: தேயிலைக்குப் பழகிய கைக்கு ஒரு எச்சரிக்கை

மலையகத்தில் கவ்வாத்துத் தெரியாதவர் குறைவு. ஆனால் தேயிலைக்கு வெட்டுவது பல கிளை வரவேண்டும் என்று; வீதி மரத்துக்கு வெட்டுவது ஒரே தண்டு நிற்கவேண்டும் என்று. அதனால் நுனியை ஒருபோதும் தொடாதீர்கள்.

முதல் வருடம் முறிந்த கிளையைத் தவிர எதையும் எடுக்கவேண்டாம். அந்த இலைகள்தான் வேரை வளர்க்கின்றன. இரண்டாம், மூன்றாம் வருடம் நடுத்தண்டுக்குப் போட்டியாக எழும் தண்டு இருந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுங்கள். மிகக் குறுகிய கோணத்தில், தண்டோடு ஒட்டி மேலே போகும் கிளையும் போகட்டும். இரண்டுக்கும் நடுவே பட்டை சிக்கி, பிற்காலத்தில் பிளக்கும் இடம் அது. நான்காம் வருடம் முதல் கீழ்க்கிளைகளை வருடத்துக்கு இரண்டு மூன்றாக எடுத்துத் தலையை உயர்த்துங்கள். நடைபாதைக்கு எட்டடியும், பஸ்ஸும் லொறியும் போகும் பக்கத்துக்குப் பதினைந்து அடியும் கடைசியில் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் மேலே பாரம், கீழே மெல்லிய தண்டு என்றாகி மரம் காற்றில் வளையும். எந்த வருடமும் இலைப்பரப்பின் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் இலையோடு நிற்கட்டும்.

தடித்த கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்பங்கு வாளோட்டம். அதற்கு இரண்டங்குலம் வெளியே மேலிருந்து கீழாக வெட்டிக் கிளையை விழுத்துங்கள். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக, தண்டோடு சேரும் இடத்தில் தெரியும் வீங்கிய வளையத்துக்குச் சற்று வெளியே எடுங்கள். வளையத்தையும் சேர்த்துச் சீவினால் காயம் மூடாது. கட்டையை நீளமாக விட்டாலும் மூடாது. தார், பெயின்ட் பூசத் தேவையில்லை. மழை அடங்கி வெயில் அடிக்கும் நாட்களில் வெட்டுங்கள். பனிமூட்டத்தில் வெட்டிய காயத்தில் பூஞ்சணம் உடனே ஏறும்.

பூப் பறிப்பதையும் இங்கேயே சொல்லவேண்டும். கோயிலுக்கும் கூந்தலுக்கும் சண்பகப் பூ கேட்காதவர் இல்லை. கைக்கெட்டும் கிளையை இழுத்து ஒடித்தால் பட்டை தண்டு வரை கிழிந்துபோகும். காலையில் உதிர்ந்ததைப் பொறுக்கலாம். பறிக்கத்தான் வேண்டுமானால் நுனியில் சிறு கத்தி கட்டிய துரட்டிக்கம்பால் காம்பை மட்டும்.

எதைக் கண்டு பயப்படுவது, எதை விட்டுவிடுவது

தண்டில் பாசியும் வெண்திட்டும் படிவது மலை ஈரத்தின் வேலை. சுரண்டாதீர்கள், அதனால் கெடுதல் இல்லை. இலையை ஓரத்திலிருந்து தின்னும் புழு, கறுப்பில் பச்சைப் புள்ளி இட்ட வண்ணத்துப்பூச்சியினுடையது. சிறு கன்றில் நாலைந்து இருந்தால் கையால் எடுங்கள், பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள். இலை கரிபிடித்தது போல் கறுத்து, கிளையில் எறும்பு ஏறி இறங்கினால் அங்கே செதில்பூச்சி இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். குருவிச்சை பிடித்தால், அது ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு வெட்டவேண்டும்; குருவிச்சையை மட்டும் பிடுங்கினால் உள்ளே இருக்கும் வேர் மறுபடி துளிர்க்கும்.

பயப்பட வேண்டியது அடியில் நடப்பதற்கு. ஒரு பக்கத்து இலை மட்டும் சிறுத்து மஞ்சளாகி உதிர்வது, அடிப்பட்டையில் கரிய மேலோடோ வெடிப்போ தெரிவது, மரச்சுத்தியலால் தட்டினால் பொந்துச் சத்தம் கேட்பது, வேர்ப்பக்கத்து மண் ஒரு புறம் எழும்பி மரம் புதிதாகச் சாய்ந்திருப்பது: இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். கீழே நிற்கும் வாகனங்களையும் தள்ளுவண்டிக் கடைகளையும் அகற்றச் சொல்லி, கயிறு கட்டி, வீதி யாருக்கு உரியதோ அந்தச் சபைக்கு அன்றே எழுத்தில் அறிவியுங்கள். மரத்தை எடுக்கும்போது வேரோடு கட்டையையும் எடுக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் அடுத்த மரத்துக்கு அது பரவாமல் இருக்கும்.